ஒரே எண், மூன்று பட்டறைகள்

1979 ஏப்ரல் 17 அன்று ஜப்பானின் அசாஹி நாளிதழில் வந்த ஒரு செய்தியைத் தரக் கட்டுப்பாட்டுப் பாடநூல்கள் இன்றும் எடுத்துச் சொல்கின்றன. சோனி நிறுவனம் ஒரே வடிவமைப்பில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை ஜப்பானிலும் அமெரிக்காவின் சான் டியாகோவிலும் தயாரித்துக்கொண்டிருந்தது. டிராயிங் ஒன்று, டாலரன்ஸ் ஒன்று. ஆனாலும் அமெரிக்க வாடிக்கையாளர்கள் ஜப்பானில் செய்த பெட்டியையே விரும்பினார்கள். இரு ஆலைப் பெட்டிகளின் நிற அடர்த்தியும் ஒப்பிடப்பட்டது. இலக்கிலிருந்து ஐந்து அலகு ஏறலாம், ஐந்து அலகு இறங்கலாம் என்பது அனுமதி. சான் டியாகோ அனுப்பிய பெட்டிகளில் இந்த எல்லையை மீறியவை இல்லையென்றே சொல்லலாம். ஜப்பான் பெட்டிகளில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு மூன்று எல்லைக்கு வெளியே கிடந்தன.

கழிவை மட்டும் எண்ணிப் பார்க்கும் கொள்முதல் அதிகாரி சான் டியாகோவுக்குத்தான் ஆர்டர் கொடுத்திருப்பார். ஆனால் எல்லைக்குள் பெட்டிகள் எப்படிப் பரவியிருந்தன என்பது வேறு கதை. ஜப்பான் பெட்டிகள் இலக்கைச் சுற்றித் திரண்டு இரு பக்கமும் மணி வடிவில் சரிந்தன. சான் டியாகோ பெட்டிகள் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை ஏறக்குறைய சமமாகப் பரவி, எல்லைக்கோட்டில் வெட்டி எடுத்ததுபோல் நின்றன. அந்த வெட்டு, எல்லை மீறியதை வாசலில் பிடித்து நிறுத்திவிட்டு மற்றதை அனுப்பியதன் தடம். அனுமதித்த அகலத்தை மூன்று சம பங்காக்கிக் கணக்குப் போட்டால், இலக்கை ஒட்டிய நடுப் பங்கில் ஜப்பான் பெட்டிகளில் 68 சதவீதம் விழும். சான் டியாகோ பெட்டிகளில் 33 சதவீதம். இரு ஓரங்களிலும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு அகலத்தை எடுத்துக்கொண்டால், அங்கே ஜப்பான் பெட்டிகள் 5 சதவீதத்துக்கும் குறைவு. சான் டியாகோ பெட்டிகள் மறுபடியும் 33 சதவீதம். வீட்டில் பெட்டியைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு டாலரன்ஸ் தெரியாது, நிறம் தெரிந்தது.

இந்த வேறுபாட்டை ஒரே எண்ணில் பிடிப்பதுதான் செயல்முறைத் திறன் குறியீடு. அனுமதித்த மொத்த அகலத்தை, செயல்முறையின் திட்ட விலக்கத்தைப்போல் ஆறு மடங்கால் வகுத்தால் வருவது சி.பி. ஜூரான் தொகுத்த தரக் கட்டுப்பாட்டுக் கையேட்டின் 1974 பதிப்புக்குப் பிறகு இது பரவலாயிற்று. ஜப்பான் ஆலைக்கு இது ஏறத்தாழ 1 வந்தது; சான் டியாகோவுக்கு 0.58. கழிவுப் பதிவேடு காட்டிய தரவரிசையைக் குறியீடு தலைகீழாக்கிவிட்டது. இலக்கிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழப்பு கூடுகிறது என்று ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சி வாதிட்டார். அவர் கணக்குப்படி சான் டியாகோ பெட்டிகளால் நேரும் இழப்பு ஜப்பான் பெட்டிகளைப்போல் மூன்று மடங்கு.

குறியீடுகளை நான் மதிப்பது இதனால்தான். பொருளைத் திருப்பி அனுப்பிய எண்ணிக்கையில் தெரியாத ஒன்றை அவை காட்டுகின்றன. அதே குறியீடுகளைக் கொண்டு இன்று சப்ளையர்களை ஒப்பிடும் விதம் எனக்குக் கவலை தருவதும் அந்த மதிப்பினால்தான். ஐந்து வெண்டர்களிடம் ஆளுக்கொரு எண் கேட்டு வாங்கி, எக்செல் தாளில் இறங்குவரிசையில் அடுக்கி, மேலே இருப்பவருக்கு ஆர்டர் என்று முடிப்பது ஒப்பீடு ஆகாது. அந்த எண் எந்தப் பட்டறையிலிருந்து, எந்தக் கேஜில், எத்தனை துண்டுகளை எந்த வரிசையில் அளந்ததால் வந்தது என்பது தெரியாதவரை இரண்டு எண்களை அருகருகே வைப்பதில் பொருளில்லை.

சி.பி.க்கு ஒரு குறை உண்டு. அது சிதறலைப் பார்க்கிறது, சராசரி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. அதைச் சரிசெய்ய வந்தது சி.பி.கே.: சராசரிக்கும் அதற்கு நெருங்கிய எல்லைக்கும் உள்ள தூரத்தைத் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கால் வகுப்பது. ஜப்பானில் புழங்கிய இந்த அளவை அமெரிக்கக் கார்த் தொழிலில் ஊன்றச் செய்ததில் ஃபோர்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பணியாற்றிய விக்டர் கேன் 1986-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத்தான் பின்னால் வந்த ஆய்வாளர்கள் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார்கள். ஃபோர்டுக்கு இதில் அக்கறை வர ஒரு காரணமும் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஒரே வடிவமைப்புள்ள டிரான்ஸ்மிஷன்கள் ஓஹையோவின் படேவியா ஆலையிலும் ஜப்பானில் மாஸ்டாவிலும் தயாராயின. மாஸ்டா செய்தவை சத்தமின்றி ஓடின, வாரண்டிக்குத் திரும்பி வந்தவையும் குறைவு. பிரித்து அளந்தபோது ஃபோர்டு பாகங்கள் டாலரன்ஸுக்குள் சரியாகவே இருந்தன. மாஸ்டா பாகங்களோ அந்த டாலரன்ஸின் சிறு பகுதியைத்தான் பயன்படுத்தியிருந்தன.

இனி ஒரு கணக்கு. எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, நிலைமை எந்த இயந்திரப் பட்டறையிலும் காணக்கூடியது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட். 30 மைக்ரான் கூடலாம், 30 மைக்ரான் குறையலாம். மூன்று பட்டறைகள் மாதிரி அனுப்புகின்றன. முதல் பட்டறையின் சராசரி மிகச் சரியாக 25-இல் நிற்கிறது, திட்ட விலக்கம் 7.5 மைக்ரான். இரண்டாவதின் சராசரி 10 மைக்ரான் மேலே, திட்ட விலக்கம் 5. மூன்றாவதின் சராசரி 20 மைக்ரான் மேலே, திட்ட விலக்கம் 2.5 மட்டுமே. மூன்றுக்கும் சி.பி.கே. கணக்கிட்டால் ஒரே விடை: 1.33.

எல்லைக்கு வெளியே விழுவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. முதல் பட்டறையில் இரு பக்கமும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு 63. மற்ற இரண்டிலும் மேல் பக்கம் மட்டும் 32. கொள்முதல் தாளில் இவை மூன்றும் ஒன்று. ஆனால் சி.பி.யைப் பக்கத்தில் எழுதினால் 1.33, 2, 4 என்று விலகி நிற்கின்றன. இலக்கிலிருந்து சராசரி தள்ளிப்போனதற்கும் தண்டனை விதிக்கும் இன்னொரு குறியீடு இருக்கிறது: சி.பி.எம். 1985-இல் சியாங்கும் டகுச்சியும், 1988-இல் சான், செங், ஸ்பைரிங் ஆகிய மூவரும் இதே அளவைத் தனித்தனியாக முன்வைத்தார்கள். அதன்படி மூன்று பட்டறைகளுக்கும் முறையே 1.33, 0.89, 0.50. ஒரு குறியீடு மூவரும் சமம் என்கிறது, ஒன்று மூன்றாமவரே சிறந்தவர் என்கிறது, மற்றொன்று அவரே கடைசி என்கிறது. தரவு மாறவில்லை, கேட்கும் கேள்விதான் மாறியிருக்கிறது.

சராசரி ஏன் மேலே போய் நிற்கிறது என்று பட்டறைக்குள் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் எளியது. ஷாஃப்ட் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் மறுபடி கிரைண்டிங்கில் ஏற்றலாம், சிறிதாகிவிட்டால் ஸ்கிராப். அதனால் ஆபரேட்டர் கை தானாக மேல் எல்லைப் பக்கம் போகிறது. துளை போரிங் செய்பவருக்கு இது தலைகீழ்: துளை சிறிதானால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், பெரிதானால் போயிற்று, அவர் கீழ் எல்லைப் பக்கம் நிற்பார். இருவரும் தங்கள் அளவில் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனால் அசெம்ப்ளியில் பெரிய ஷாஃப்ட்டும் சிறிய துளையும் சந்திக்கும்போது, டிராயிங் போட்டவர் மனத்தில் வைத்திருந்த இடைவெளி கிடைப்பதில்லை. இரண்டு சப்ளையர்களின் சி.பி.கே.யும் 1.33 என்றே தாள் சொல்லிக்கொண்டிருக்கும். இறுக்கிப் பொருத்தும் தொழிலாளியின் மணிக்கட்டுக்குத்தான் உண்மை தெரியும்.

அப்படியானால் மூவரில் யாரை எடுப்பது? சி.பி.யையும் சி.பி.கே.யையும் சேர்த்தே படிக்க வேண்டும்; இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரியை நகர்த்த முடியுமா? சிஎன்சி லேத்தில் அது ஆஃப்செட்டில் ஓர் எண்ணை மாற்றுகிற வேலை. அங்கே மூன்றாவது பட்டறையைத்தான் எடுப்பேன். சிதறலை 7.5-லிருந்து 2.5-க்குக் கொண்டுவர ஸ்பிண்டில், ஃபிக்சர், கச்சாப்பொருள், பட்டறையின் வெப்பநிலை என்று எல்லாவற்றிலும் கை வைத்தாக வேண்டும். அதைச் செய்து முடித்த ஒருவரிடம் ஆஃப்செட்டை மாற்றச் சொல்வது எளிது. ஆனால் அதே எண்கள் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கிலிருந்தோ டை காஸ்டிங்கிலிருந்தோ வந்திருந்தால் தீர்ப்பு மாறும். அங்கே சராசரி பெருமளவு எஃகு அச்சில் வெட்டப்பட்டுவிட்டது. அழுத்தத்தையும் குளிரும் நேரத்தையும் மாற்றிக் கொஞ்சம் நகர்த்தலாம், 20 மைக்ரானுக்கு அச்சைத் திருத்த வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு யாருடையது என்று பேசி முடிக்காதவரை முதல் பட்டறைதான் பாதுகாப்பு.

இதுவரை சொன்னதில் சராசரியும் திட்ட விலக்கமும் நமக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் தெரியாது. கையில் இருப்பது மாதிரியிலிருந்து கிடைத்த மதிப்பீடு. முப்பது துண்டுகளை அளந்து 1.33 என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிஸ்ஸல் தந்த தோராயச் சூத்திரத்தைக்கொண்டு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால், உண்மையான சி.பி.கே. 0.97-க்கும் 1.69-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். கீழ்முனையில் நிற்பவர் பத்து லட்சத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் கழிவு அனுப்பும் சப்ளையர், மேல்முனையில் நிற்பவர் பத்து லட்சத்துக்கு ஒன்றுகூட அனுப்பாதவர். ஒரே சான்றிதழ் இருவருக்கும் பொருந்துகிறது. நூறு துண்டுகள் அளந்தால் இடைவெளி 1.13 முதல் 1.53 வரை சுருங்கும். முந்நூறு அளந்தால் 1.22 முதல் 1.44 வரை. மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் இது சுருங்கும், அவசரப்பட்டு ஆவது ஒன்றுமில்லை.

இரண்டு சப்ளையர்களை ஒப்பிடும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இரு பக்கத்துத் தடுமாற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஒருவர் 1.50, மற்றவர் 1.33, ஆளுக்கு ஐம்பது துண்டுகள். 0.17 வித்தியாசம் தாளில் தெளிவாகத் தெரிகிறது. இருவரும் உண்மையில் சமமாக இருந்தாலும், ஒரு பக்கமாக இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு முறை வந்துவிடும். இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு வர ஆளுக்கு ஏறத்தாழ 300 துண்டுகள் வேண்டும். மாதிரி எண்ணிக்கை பற்றிய இந்த எச்சரிக்கை புதிதல்ல. கேன் எழுதிய 1986 கட்டுரையிலேயே அதற்கான அட்டவணை இருக்கிறது. சூத்திரத்தை எடுத்துக்கொண்ட தொழில்துறை அட்டவணையை விட்டுவிட்டது.

ஐந்து சப்ளையர்களை வரிசைப்படுத்தும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஐவருக்கும் உண்மையான சி.பி.கே. 1.33 என்றே வைத்துக்கொள்வோம். எள்ளளவும் வேறுபாடு இல்லை. ஆளுக்கு முப்பது துண்டுகள். மதிப்பீட்டின் தடுமாற்றம் மட்டுமே வேலைசெய்தாலும், ஐந்தில் முதலிடம் பிடிப்பவர் சராசரியாக 1.55-ஐ ஒட்டிக் காட்டுவார், கடைசியில் நிற்பவர் 1.11-ஐ ஒட்டி. முதலாமவருக்கு ஆர்டரும் கடைசியாளுக்குத் திருத்த நடவடிக்கை கேட்டுக் கடிதமும் போகும். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் முதலாமவர் 1.33-ஐ நோக்கி இறங்கியிருப்பார், ‘ஆர்டர் கிடைத்ததும் மெத்தனமாகிவிட்டார்’ என்பார்கள். கடைசியாள் 1.33-ஐ நோக்கி ஏறியிருப்பார், ‘கடிதம் வேலைசெய்தது’ என்பார்கள். இரண்டுமே நடக்கவில்லை. வராத தவறுக்கு விளக்கம் எழுதி, செய்யாத திருத்தத்தைச் செய்ததாகக் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு சிறு தொழிற்சாலையை நிறுத்துவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

மாதிரியின் எண்ணிக்கையைவிட அதை எடுத்த விதம் இன்னும் பெரிய விஷயம். லேத்தில் ஷாஃப்ட் கடையும்போது டூல் முனை தேயத் தேய விட்டம் மெல்லக் கூடிக்கொண்டே போகும். டூலை மாற்றியதும் அல்லது ஆஃப்செட் கொடுத்ததும் பழைய இடத்துக்கு வரும். அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே திட்ட விலக்கம் 3 மைக்ரான் என்றும், டூலின் ஆயுள் முழுக்க விட்டம் 20 மைக்ரான் நகர்கிறது என்றும் கொள்வோம். ஒரு வெண்டர் தொடர்ச்சியாக முப்பது துண்டுகளை எடுத்து அளந்து அனுப்புகிறார். டூல் அதற்குள் எவ்வளவு தேய்ந்திருக்கப்போகிறது? அவருடைய குறியீடு, நமது 60 மைக்ரான் அகலத்தில், 3.3-ஐத் தொடும். இன்னொரு வெண்டர் அதே இயந்திரம், அதே டூல் வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து துண்டுகளாக, ஷிஃப்ட்டுகளும் டூல் மாற்றங்களும் உள்ளடங்க ஒரு வாரம் எடுக்கிறார். அவருக்கு வருவது 1.54. இரண்டாமவர் பாடுபட்டு உண்மையைச் சொன்னார்; அவருடைய எண் முதலாமவருடையதில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

குறுகிய கால சிதறலைக்கொண்டு கணக்கிட்டால் சி.பி.கே., மொத்தத் தரவின் சிதறலைக்கொண்டு கணக்கிட்டால் பி.பி.கே. என்று கார்த் தொழிலின் கையேடுகள் பிரித்துச் சொல்கின்றன. பட்டறைகளிலும் மின்னஞ்சல்களிலும் இரண்டும் ஒரே பெயரில் உலவுகின்றன. வாடிக்கையாளருக்குப் போகும் லாரியில் ஏறுவது எப்போதும் மொத்தச் சிதறல்தான், ஆகவே சப்ளையர்களை ஒப்பிட ஏற்றது பி.பி.கே. குறுகிய கால எண்ணுக்கு வேறு பயன் இருக்கிறது: இரண்டுக்கும் உள்ள இடைவெளி, டூல் மேலாண்மையும் செட்டிங்கும் ஒழுங்கானால் இந்தப் பட்டறை எங்கே வரை போக முடியும் என்று சொல்லும். 3.3-க்கும் 1.54-க்கும் இடையே நிற்கும் பட்டறைக்குப் புது இயந்திரம் தேவையில்லை. டூல் மாற்றும் கணக்கு தேவை.

விதிமுறைகள் இதில் மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிரைஸ்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் மூன்றும் சேர்ந்து 1994-இல் கியூ.எஸ். 9000 தர நியதியைக் கொண்டுவந்தன. அதனோடு இணைந்த பிபேப் கையேடு, புதிய பாகத்துக்கு ஒப்புதல் கேட்கும்போது ஒரு மணி முதல் எட்டு மணி வரை நீளும் உற்பத்தி ஓட்டத்தில் குறைந்தது 300 துண்டுகள் தொடர்ந்து செய்யச் சொல்கிறது. குறியீட்டுக்குக் குறைந்தது 25 சிறு குழுக்களில் 100 அளவீடுகள் வேண்டும் என்கிறது. 1.67-க்கு மேல் என்றால் ஏற்பு, 1.33-க்குக் கீழ் என்றால் மறுப்பு, இடைப்பட்டால் பேசித் தீர்க்கலாம். செயல்முறை நிலையாக இருக்கிறதா என்று முதலில் பார் என்பதும் அதில் இருக்கிறது. 1.33 என்ற எண் மட்டும் மனப்பாடமாகி, 25 குழுக்களும் நிலைத்தன்மையும் மறந்துபோனது கையேட்டின் பிழையல்ல.

நிலைத்தன்மை என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் வால்டர் ஷூஹார்ட் நிற்கிறார். 1924 மே 16 அன்று, வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் பணியாற்றியபோது, தன் மேலாளருக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பில் அவர் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்து காட்டினார். தற்செயலான ஏற்றஇறக்கம் மட்டும் கொண்ட செயல்முறையைத்தான் கணித்துச் சொல்ல முடியும். குறிப்பிட்ட காரணம் எதுவோ புகுந்து ஆட்டிவைக்கும் செயல்முறைக்கு நாளை என்பது தெரியாது. அப்படிப்பட்ட செயல்முறைக்குத் திறன் குறியீடு கணக்கிட்டால் சூத்திரம் ஏதோ ஓர் எண்ணைத் தரும், ஆனால் அது கடந்த வாரத்தைப் பற்றிய செய்தி. சப்ளையரைத் தேர்வது அடுத்த இரண்டு ஆண்டுகளுக்காக. எனவே எனக்கு ஒரு சப்ளையரிடம் ஒரே ஒரு காகிதம் கேட்கும் உரிமைதான் உண்டென்றால், குறியீட்டைக் கேட்க மாட்டேன். எடுத்த நேர வரிசையிலேயே எழுதிய அளவீடுகளைக் கேட்பேன். அதிலிருந்து எல்லாக் குறியீடுகளையும் நானே கணக்கிட்டுக்கொள்ளலாம். குறியீட்டிலிருந்து அந்த வரிசையைத் திரும்பப் பெற முடியாது.

அளக்கும் கருவியும் எண்ணுக்குள் நுழைகிறது. அளவீட்டில் தெரியும் சிதறல், பாகத்தின் சிதறலும் கேஜின் சிதறலும் சேர்ந்தது. கேஜின் சிதறல் டாலரன்ஸில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் ஏற்கக்கூடாது என்பது அமெரிக்கக் கார்த் தொழில் கையேட்டின் வரையறை. இப்போது பாருங்கள்: உண்மையில் 1.6 திறனுள்ள பட்டறை 30 சதவீதக் கேஜால் அளந்தால் 1.44 என்று காட்டும். உண்மையில் 1.5 மட்டுமே உள்ள பட்டறை 10 சதவீதக் கேஜால் அளந்தால் 1.48 காட்டும். வரிசை மாறிவிட்டது. நல்ல லேத் வைத்திருப்பவர் நல்ல ஏர் கேஜ் வாங்காததால் தோற்கிறார். 20 மைக்ரான் மட்டுமே பிரித்துக் காட்டும் வெர்னியரால் 60 மைக்ரான் அகலத்தை அளந்து குறியீடு போடும் வழக்கம் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கருவிக்கு மொத்தமே மூன்று நாலு எண்கள்தான் தெரியும். இதற்கு மருந்து கடினமானதல்ல. ஒரே தொகுதித் துண்டுகளை எல்லா சப்ளையர்களிடமும் சுற்றுக்கு விட்டு அளக்கச் சொன்னால், கேஜ்களுக்கு இடையிலான வேறுபாடு முதலில் வெளியே வந்துவிடும்.

பரவலின் வடிவம் பற்றியும் கொஞ்சம். குறியீட்டிலிருந்து பத்து லட்சத்துக்கு இத்தனை என்று சொல்வது மணி வடிவத்தை நம்பித்தான். ரன்-அவுட், தட்டைத்தன்மை போன்றவை பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாதவை. அவற்றின் பரவல் ஒரு பக்கம் வால் நீண்டிருக்கும். எட்டுக் குழி கொண்ட அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் பாகத்தில் எட்டுச் சராசரிகள் கலந்திருக்கும். இரண்டிலும் வழக்கமான சூத்திரம் போட்டு வரும் எண்ணை மற்றொரு சப்ளையருடைய எண்ணோடு ஒப்பிடுவது வீண். ஒரு பாகத்தின் பல அளவுகளுக்கு வந்த குறியீடுகளைக் கூட்டிச் சராசரி போடுவதும் அப்படியே. ஒன்பது அளவுகள் 2 என்றும் பத்தாவது 0.7 என்றும் இருந்தால் அந்தப் பாகம் பத்தாவதில்தான் தோற்கும்.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் தாமதமாக வந்ததல்ல. புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைப்பின்பேரில் ஷூஹார்ட்டே 1947–48-இல் இந்தியா வந்து ஆலைகளைப் பார்த்தார். இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் அதன்பின் பல ஊர்களில் அமைந்தன, கோயம்புத்தூரிலும் ஒன்று உண்டு. பாடியில் பிரேக் பாகங்கள் செய்த சுந்தரம் கிளேட்டன் 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது, இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. பெரிய ஆலைகளுக்குப் புள்ளியியல் புதிதல்ல. சிக்கல் அடுத்த படியில்: ஓசூரிலும் அம்பத்தூரிலும் கோவையிலும் நாலைந்து இயந்திரங்களோடு நடக்கும் பட்டறைகள். அவர்களிடம் எண் மட்டும் கேட்கப்படுகிறது. அதை உருவாக்கும் கேஜுக்கோ ஆளுக்கோ நேரத்துக்கோ விலையில் இடமில்லை. 1.33-க்குக் கீழே எழுதினால் ஆர்டர் போய்விடும் என்று தெரிந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். எல்லை மீறிய அளவை விட்டுவிட்டு வேறு துண்டு எடுத்து அளப்பதும், போன மாதத் தாளில் கடைசி இலக்கத்தை மாற்றுவதும் அந்த அழுத்தத்தின் குழந்தைகள். அப்படித் தயாரான தரவுக்கு ஓர் அடையாளம் உண்டு: நேர வரிசையில் போட்டால் டூல் தேய்வு தெரியாது, திங்கட்கிழமைக் காலை தெரியாது, எதுவுமே தெரியாது. உயிருள்ள பட்டறையின் தரவு அவ்வளவு வழவழப்பாக இராது.

ஆகவே, ஒரு மாத வரைபடத்தோடு 1.12 என்று எழுதி, ஏன் குறைவு என்று காரணமும் சொல்லும் வெண்டரையே, முப்பது துண்டில் 1.71 எழுதியவருக்கு முன்னால் நான் வைப்பேன். முன்னவர் தன் செயல்முறையை அறிந்தவர். அவரோடு உட்கார்ந்து 1.12-ஐ 1.5 ஆக்கலாம். விலைச் சீட்டை மட்டும் பார்த்து வாங்காதே, சில சப்ளையர்களோடு மட்டும் நீண்ட உறவு வை என்று தர நிபுணர் டெமிங் சொன்னதன் நடைமுறைப் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். முறையான ஒப்பீட்டுக்குக் கருவிகளும் இருக்கின்றன. இரண்டு சப்ளையர்களின் குறியீடுகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று சோதிக்கும் வழியை யூன்-மின் சௌ 1994-இல் எழுதினார். அதன்பின் தைவானில் பேர்னும் அவருடன் பணியாற்றியவர்களும் சி.பி.எம். அடிப்படையில் சப்ளையர் தேர்வுக்கு நடைமுறைகள் வகுத்து, திரவப் படிகத் திரை உற்பத்தியில் பொருத்திக் காட்டினார்கள். இவையெல்லாம் கேட்கும் முதல் நிபந்தனை, நிலையான செயல்முறையும் போதுமான மாதிரியும்.

கடைசியாக ஒன்று, ஒப்பீடு பற்றிய எழுத்துகளில் அதிகம் பேசப்படாதது. பல கொள்முதல் துறைகள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆபத்தைப் பகிர இருவருக்குக் கொடுக்கின்றன. நம் முதல் பட்டறையும் மூன்றாவது பட்டறையும் ஷாஃப்ட்டில் ஆளுக்குப் பாதி அனுப்புவதாகக் கொள்வோம். தனித்தனியே இருவரும் 1.33, இருவரும் ஒப்புதல் பெற்றவர்கள். அசெம்ப்ளியில் இரண்டு பெட்டிகளையும் ஒரே தொட்டியில் கொட்டுகிறார்கள். தொட்டியில் கிடக்கும் ஷாஃப்ட்டுகளின் சராசரி 10 மைக்ரான் மேலே, திட்ட விலக்கம் 11.5 மைக்ரான், அந்தத் தொட்டிக்கு பி.பி.கே. கணக்கிட்டால் 0.58. இரண்டு திமில் கொண்ட பரவலுக்கு இந்த எண்ணைக் கழிவின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லையைத் தாண்டுவது இப்போதும் பத்து லட்சத்துக்கு ஐம்பதுக்குள்தான். ஆனால் பொருத்தும் இடத்தில் ஒரு ஷாஃப்ட் வழுக்கிப் போவதும் அடுத்தது அடித்து இறக்க வேண்டியிருப்பதும் மெய். எந்த சப்ளையர் மீதும் புகார் எழுத முடியாது. ஒப்பந்தத்தில் சி.பி.கே. எவ்வளவு என்று இருவரிடமும் கேட்டார்கள், சராசரி எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. டிராயிங்கில் அதற்கு ஒரு வரி போதும்: சராசரி 25-லிருந்து 5 மைக்ரானுக்கு மேல் விலகக் கூடாது.